ஒப்பம் வைத்தது யார்? தொடர்மாடிக்கு வரும் பதிவுத் தபாலும் அதன் விதிகளும்

போனில் ட்ரக்கிங் நம்பரைப் போட்டால் ‘விநியோகிக்கப்பட்டது’ என்று காட்டுகிறது. நேரம் காலை 10.42. மூன்றாம் மாடியில் இருக்கும் பெண்ணிடம் எதுவும் வந்து சேரவில்லை. அந்த நேரம் அவர் வீட்டில்தான் இருந்தார், கதவை யாரும் தட்டவில்லை. தபால் கந்தோருக்குப் போய்க் கேட்டால் புத்தகத்தைத் திறந்து காட்டுகிறார்கள். அவருடைய இலக்கத்துக்கு நேரே ஒரு ஒப்பம், கோழி கிளறியது போல. அது அவருடையதும் இல்லை, வீட்டில் வேறு யாருடையதும் இல்லை.

மட்டக்களப்பு நகரில் கீழே கடை, மேலே நான்கைந்து வாடகை வீடுகள் என்று கட்டடங்கள் எழும்பத் தொடங்கிய பிறகும், அம்பாறைக் கரையோரத்தில் 2004 சுனாமிக்குப் பிறகு தொடர்மாடி வீட்டுத் திட்டங்கள் வந்த பிறகும், இந்த மாதிரி முறைப்பாடு புதிதில்லை. இணையத்தில் பொருள் வாங்குவது கூடியதும் அடிக்கடி கேட்கிறது. தபால்காரர் பொய் சொல்கிறாரா, கணினி பிழையா என்றுதான் எல்லாரும் முதலில் யோசிக்கிறார்கள். பல நேரம் இரண்டுமே இல்லை. ஒப்பம் எதற்காக வாங்கப்படுகிறது, அது எந்த வாசலில் வாங்கப்பட வேண்டும் என்பதில்தான் சிக்கல் கிடக்கிறது.

பதிவு, தடம், ஒப்பம்

இந்த மூன்றையும் ஒன்றாக நினைப்பதில்தான் முதல் குழப்பம்.

1. பதிவு: தபால் கந்தோர் ஒரு பொருளைத் தனி இலக்கம் போட்டு ஏற்று, பற்றுச்சீட்டுக் கொடுத்து, ஒவ்வொரு கை மாறும்போதும் கணக்கு வைப்பது. கணினி வருவதற்கு வெகு காலம் முன்பே இருந்த முறை. பை கட்டும்போது பட்டியல், பை அவிழ்க்கும்போது பட்டியல்.

2. தடம்: உறையில் ஒட்டிய பார்கோடை வழியில் ஆங்காங்கே ஸ்கான் பண்ணி, அந்த விவரத்தை இணையத்தில் காட்டுவது. ட்ரக்கிங் என்று நாம் சொல்வது இதை.

3. ஒப்பம்: கடைசிக் கையில் ஒப்படைக்கும்போது வாங்கும் அத்தாட்சி.

பதிவுத் தபாலில் முதலாவதும் மூன்றாவதும் பொதுவாகக் கட்டாயம். ஆனால் தடம் பார்க்கக்கூடிய எல்லாப் பொருளுக்கும் ஒப்பம் வாங்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ‘ட்ரக்கிங் இருக்கே, பிறகெப்படி ஒப்பம் வாங்காமல் வைத்துவிட்டுப் போனான்’ என்று கேட்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். ஒப்பம் ஒரு தனிச் சேவை. அனுப்பியவர் காசு கட்டியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பெறுபவர் பிறகு கேட்டு வாங்க முடியாது.

உறை மேல் உள்ள இலக்கமே சொல்லிவிடும்

வெளிநாட்டிலிருந்து வரும் பொருளில் 13 எழுத்தும் இலக்கமுமாக ஒரு வரி இருக்கும். இது உலகத் தபால் ஒன்றியத்தின் எஸ்10 என்ற நியமம். பேர்ன் நகரில் 1874இல் கையெழுத்தான உடன்படிக்கையில் பிறந்த அந்த ஒன்றியத்தில் இலங்கை பிரித்தானியர் காலத்திலேயே சேர்ந்துவிட்டது. அதனால் எந்த நாட்டு உறையானாலும் அந்த வரி ஒரே மாதிரிதான் எழுதப்படும்: முதலில் இரண்டு எழுத்து, பிறகு எட்டு இலக்கம், பிறகு ஒரு சோதனை இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டின் இரண்டு எழுத்து. இலங்கையிலிருந்து போவதென்றால் ‘எல்.கே’.

முதல் எழுத்தைப் பாருங்கள். அது ‘ஆர்’ என்றால் பதிவுத் தபால், ஒப்பம் உண்டு. ‘வி’ என்றால் காப்புறுதி செய்த பொருள். ‘ஈ’ என்றால் ஈ.எம்.எஸ் என்கிற விரைவுத் தபால். ‘சி’ என்றால் பார்சல். ‘எல்’ என்றால் தடம் பார்க்கலாம், ஆனால் பதிவுத் தபாலுக்கு உள்ள பாதுகாப்பு இல்லை. ‘யூ’ என்றால் சுங்கத் தேவைக்காக ஒட்டிய பார்கோடு மட்டும், சாதாரணக் கடிதம் போலவே வந்து போகும். மலிவுச் சாமான் வாங்குபவர்களுக்கு வருவதில் கணிசமானவை இந்தக் கடைசி இரண்டு வகை. ‘யூ’வில் தொடங்கும் பொருளுக்கு ஒப்பப் புத்தகத்தைக் காட்டச் சொல்லி கவுண்டரில் சண்டை பிடிப்பது வீண் வேலை. அந்தப் புத்தகத்தில் அது ஏறியே இருக்காது.

சோதனை இலக்கம் எதற்கு? கைப்பிழையைப் பிடிக்க. எட்டு இலக்கத்தையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையை 11ஆல் வகுத்து, மிச்சத்தை 11இலிருந்து கழிக்க வேண்டும். 12345678 என்று வைத்துப் பார்ப்போம்: 8, 12, 12, 8, 15, 30, 63, 56. மொத்தம் 204. பதினொன்றால் வகுத்தால் மிச்சம் 6. பதினொன்றில் ஆறு போக 5. ஆகவே ஒன்பதாம் இலக்கம் 5 ஆக இருக்க வேண்டும். விடை 10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் எழுதுவார்கள். ‘உங்கள் பார்சல் தடுத்து வைக்கப்பட்டுள்ளது, இந்த லிங்க்கில் காசு கட்டுங்கள்’ என்று வரும் போலிச் செய்திகளில் இந்த 13 எழுத்து வடிவில் ஒரு இலக்கமும் இருந்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கணக்கு உதைத்தால் அது போலி. கணக்குச் சரியாக வந்தாலும் உண்மை என்று அர்த்தமில்லை, லிங்க்கைத் தொடாமல் இருப்பதே நல்லது.

திரையில் தெரியும் வரிகள்

நாடுகளுக்கிடையே தகவல் பரிமாறவும் பொதுக் குறியீடுகள் உள்ளன. ஈ.எம்.ஏ என்றால் அனுப்பும் நாட்டில் ஏற்றது. பி, சி என்பவை அந்த நாட்டின் பரிமாற்ற நிலையத்துக்கு வந்ததும் புறப்பட்டதும். டி என்றால் பெறும் நாட்டில் இறங்கியது, நமக்கு அது கொழும்பு. ஈ என்றால் சுங்கத்தில் நிற்கிறது, எஃப் என்றால் அங்கிருந்து புறப்பட்டது. ஜி என்றால் விநியோகிக்கும் கந்தோருக்கு, அதாவது மட்டக்களப்புக்கோ கல்முனைக்கோ, வந்துவிட்டது.

நமக்கு முக்கியம் கடைசி இரண்டு. ஈ.எம்.எச் என்றால் கொண்டுபோனார்கள், கொடுக்க முடியவில்லை. ஈ.எம்.ஐ என்றால் இறுதி விநியோகம். இந்த இறுதி விநியோகம் என்ற வரி, தபால் துறை தன் விதிப்படி தன் வேலையை முடித்துவிட்டதாகச் சொல்கிறது. பொருள் உங்கள் கைக்கு வந்ததா என்பது அந்த வரிக்குத் தெரியாது. தனி வீட்டில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் வாசலும் கையும் பக்கத்துப் பக்கத்தில். தொடர்மாடியில் இரண்டுக்கும் நடுவே கேட், காவலாளி, மூன்று மாடிப் படி எல்லாம் இருக்கின்றன.

ஒப்பம் யாருக்கான ரசீது?

தபால் உடன்படிக்கையின் அடிப்படைகள் சிலவற்றை வரிசையாக வைத்தால் விஷயம் தெளியும்.

1. தபாலில் போட்ட பொருள், உரியவர் கையில் சேரும்வரை அனுப்பியவரின் சொத்து. உலகத் தபால் உடன்படிக்கை இதை வெளிப்படையாகவே சொல்கிறது.

2. ஆகவே தபால் துறையின் வாடிக்கையாளர் அனுப்பியவர். காசு கட்டியவரும் அவர், நட்டஈடு கேட்கும் உரிமையும் முதலில் அவருக்கு.

3. பதிவுத் தபாலுக்கான பொறுப்பு, பெறும் நாடு தன் சொந்த விதிகளின்படி அதை ஒப்படைத்த கணத்தில் முடிகிறது. இங்கே ‘சொந்த விதிகளின்படி’ என்பதை அழுத்தி வாசிக்க வேண்டும். கனடாவில் எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதை இலங்கையின் விதி தீர்மானிக்காது, இலங்கையில் எப்படி என்பதைக் கனடாவும் தீர்மானிக்காது.

4. அந்தக் கணத்துக்கான சாட்சி ஒப்பம்.

நான்கையும் சேர்த்துப் பார்த்தால், ஒப்பம் தபால் துறை தனக்காக வாங்கி வைக்கும் ரசீது. ‘நான் கொடுத்துவிட்டேன்’ என்று அது சொல்வதற்கு. பெறுபவரைப் பாதுகாக்க வாங்குகிறார்கள் என்பது நாமாக வளர்த்துக்கொண்ட நம்பிக்கை.

இதற்கு ஒரு சுவையான விலக்கும் உண்டு. ஒரு நாட்டின் விதி பதிவுத் தபாலைப் பெறுபவரின் சொந்தத் தபால் பெட்டியில் போட அனுமதித்து, அப்படிப் போட்ட பிறகு பெறுபவர் ‘எனக்குக் கிடைக்கவில்லை’ என்று அறிவித்தால், பொறுப்புத் தீர்ந்ததாக ஆகாது. பெட்டியில் போட்டதற்கும் கையில் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை ஒன்றியமே ஒப்புக்கொள்கிற இடம் இது.

தொடர்மாடியில் முகவரி எங்கே முடிகிறது?

உலகம் முழுக்கத் தபால் துறைகள் ஒப்பம் வைக்கத் தகுந்தவர்களை மூன்று வட்டமாகப் பார்க்கின்றன. உள் வட்டத்தில் பெயருக்குரியவர். அடுத்ததில் அதே வீட்டில் இருக்கும் வளர்ந்த ஆள், அல்லது எழுத்தில் அதிகாரம் பெற்றவர். வெளி வட்டத்தில் அயலவர், காவலாளி, கட்டட முகாமையாளர், கீழ்க் கடைக்காரர். எந்த நாடு எந்த வட்டம்வரை போக விடுகிறது என்பதில்தான் விதிகள் பிரிகின்றன.

நம் பக்கத்தில் இரண்டாம் வட்டம்வரை யாருக்கும் ஆட்சேபம் இருப்பதில்லை. உம்மா ஒப்பம் வைப்பார், தங்கை வைப்பார், மாமி வைப்பார். தபால்காரருக்கு ஒழுங்கையில் உள்ள எல்லாரையும் தெரியும். சைக்கிள் மணியை அடித்து, ‘ரெஜிஸ்டர் வந்திருக்கு’ என்று குரல் கொடுத்தால் ஆள் வெளியே வந்துவிடும். விதிப் புத்தகத்தைவிட அந்த முகப் பழக்கம்தான் இத்தனை காலமும் முறையைக் காப்பாற்றி வந்தது. தொடர்மாடி இந்தப் பழக்கத்தை உடைக்கிறது. வாடகைக்கு வருகிறவர்கள் ஆறு மாதத்தில் மாறுகிறார்கள். ஒலுவில் பல்கலைக்கழகத்துக்கோ மட்டக்களப்பு வைத்தியசாலைக்கோ வேலைக்கு வந்து தங்குகிறவர்களைத் தபால்காரருக்குத் தெரியாது.

தபால்காரரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். சைக்கிள் முன்னால் பை, பைக்குள் இன்னும் பத்துப் பன்னிரண்டு பதிவுத் தபால். ஒவ்வொன்றுக்கும் அவர்தான் பொறுப்பு. கல்முனை கிரீன்ஃபீல்ட் மாதிரியான தொடர்மாடித் திட்டத்தில் ஒரு கடிதத்துக்காக மூன்றாம் மாடி ஏறுவதென்றால், பையைக் கீழே விட்டுப் போக முடியாது, சுமந்துகொண்டுதான் ஏற வேண்டும். அப்படி நாளைக்கு எத்தனை படி? கீழேயே நின்று கூப்பிடுவதும், கேட்டில் இருப்பவரிடம் கொடுப்பதும் இப்படித்தான் தொடங்குகிறது. அதைச் சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதைச் சோம்பல் என்று ஒரு சொல்லில் முடித்துவிட முடியாது.

அதற்கு மேல் இந்த மண்ணுக்கே உரிய சில சிக்கல்களும் உண்டு.

முதலாவது, ஒரே வீட்டுக்கு இரண்டு மூன்று இலக்கம். வீட்டுத் திட்டம் கொடுத்த இலக்கம் ஒன்று, மாநகர சபையின் வரி இலக்கம் ஒன்று, இடையில் புளொக் எழுத்து. ஒருவர் ‘புளொக் சி, 2ம் மாடி’ என்று எழுதுவார், அடுத்தவர் வீதிப் பெயரை மட்டும் எழுதுவார். கல்முனைக்கு 32300, மட்டக்களப்புக்கு 30000, காத்தான்குடிக்கு 30100 என்று தபால் குறியீடு இருக்கிறது. அது கடிதத்தைக் கந்தோர்வரை கொண்டு வரும். அதற்குப் பிறகு படிக்கட்டைக் காட்டாது.

இரண்டாவது, பெயர். தலைப்பெழுத்து மூன்றும் ஒரு பெயரும் என்று எழுதும் வழக்கத்தில், இருபது குடும்பம் உள்ள கட்டடத்தில் ஒரே மாதிரிப் பெயர் இரண்டு இருப்பது அதிசயமில்லை. கீழ் வீட்டு எம். பாத்திமா நல்ல மனதோடு மேல் வீட்டு எம். பாத்திமாவின் கடிதத்துக்கு ஒப்பம் வைப்பார். பிரித்துப் பார்த்த பிறகுதான் தெரியும்.

மூன்றாவதுதான் பெரிது. கிழக்கில் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் கலியாணம் முடித்த ஆண், மனைவியின் வீட்டுக்குப் போவதே வழக்கம். ஆனால் அடையாள அட்டையில் பல காலம் தாய் வீட்டு முகவரியே இருக்கும். வங்கி, லீசிங், நீதிமன்றம் எல்லாம் அந்த முகவரிக்கே எழுதும். அங்கே தாயோ தங்கையோ ஒப்பம் வைப்பார்கள், விதிப்படி அது பிழையே இல்லை, குடும்பத்து வளர்ந்த ஆள்தானே. கடிதம் அலுமாரி மேல் கிடக்கும். மகன் வெள்ளிக்கிழமை சாப்பிட வரும்போது ஞாபகம் வந்தால் கொடுப்பார்கள். கட்டாரில் இருந்து வரும் அற்றோனித் தத்துவத்தின் (தனக்காக ஒப்பம் வைக்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) மூலப் பிரதி இப்படி இரண்டு கிழமை அலுமாரி மேல் கிடந்தால், காணி உறுதி எழுதும் நாள் தள்ளிப்போகும்.

காவலாளிக்கு அதிகாரம் இருக்கிறதா? 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க அடுக்குமாடி உரித்துச் சட்டத்தின் கீழ்ப் பதியப்பட்ட கூட்டாதன (கொண்டோமினியம்) கட்டடத்தில், உரிமையாளர்கள் எல்லாரும் சேர்ந்த ஒரு முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் இருக்கும். பொது இடங்களைப் பார்ப்பது அதன் வேலை. தனித்தனி வீட்டாரின் கடிதத்துக்கு ஒப்பம் வைக்கும் அதிகாரம் அதற்குத் தானாக வந்துவிடாது, வீட்டார் கொடுக்க வேண்டும். ஒரே ஆள் கட்டி, மாடி மாடியாக வாடகைக்கு விட்ட வீடுகளில் அந்த அமைப்புக்கூட இருக்காது. அங்கே கேட்டில் இருப்பவர் வீட்டுக்காரரின் சம்பளக்காரர், உங்களுடைய முகவர் இல்லை.

மற்ற நாடுகள் எங்கே கோடு போட்டிருக்கின்றன?

உறவுகள் இலண்டனிலும் டொரண்டோவிலும் ஜேர்மனியிலும் இருப்பதால், அங்குள்ள விதியை இங்கே எதிர்பார்க்கிறவர்களும் உண்டு.

பிரித்தானியாவில் 2012 செப்டம்பரில் ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒஃப்கொம் அனுமதி கொடுத்தது. ஆள் இல்லாவிட்டால் அயல் வீட்டில் கொடுத்து, யாரிடம் கொடுத்தோம் என்று சீட்டு வைத்துப் போகலாம். விரும்பாதவர்கள் கதவில் ஸ்டிக்கர் ஒட்டி விலகிக்கொள்ளலாம். வெளி வட்டத்தையும் ஏற்றுக்கொண்டு, ஆனால் தெரியப்படுத்த வேண்டும் என்று கட்டாயப்படுத்திய முறை.

ஜேர்மனியில் பதிவுத் தபாலே பல வகை. ஒன்றில் தபால்காரர் பெட்டியில் போட்டுவிட்டுத் தானே பதிந்துகொள்வார், பெறுபவர் ஒப்பம் தேவையில்லை. இன்னொன்றில் ஒப்பம் வாங்கிக் கையில் கொடுப்பார். மூன்றாவதில் பெயருக்குரியவர் அல்லது அவர் அதிகாரம் கொடுத்தவர் கையில் மட்டும். எது வேண்டும் என்று அனுப்புகிறவர் தேர்ந்து, அதற்கேற்ற காசைக் கட்டுகிறார். என் கணக்கில் மிகத் தெளிவான ஏற்பாடு இதுதான். பின்னால் சண்டை வரும்போது யாரும் ‘நான் அப்படி நினைக்கவில்லை’ என்று சொல்ல முடியாது.

அமெரிக்காவிலும் உரியவருக்கு மட்டும் என்ற தனிச் சேவை இருக்கிறது. கனடாவில் ஒப்பம் தேவையான பார்சலுக்கு ஆள் இல்லாவிட்டால் அட்டை வைத்துப் போவார்கள், கந்தோரில் 15 நாள் வைத்திருப்பார்கள். தொடர்மாடிகளின் கீழ்த்தளத்தில் பார்சலுக்கென்று பூட்டுப் பெட்டிகளும் உண்டு. ஆனால் ஒப்பம் தேவையானதை அந்தப் பெட்டியில் போட்டுவிட்டுப் போக முடியாது.

இந்தியா 2025இல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலுடன் இணைத்தது. பதிவுத் தபாலையே நிறுத்திவிட்டார்கள் என்று வட்ஸ்அப்பில் ஓடிய செய்தி அரைகுறை. விரைவுத் தபால் முகவரியில் உள்ள எவரிடமும் கொடுக்கப்படலாம். உரியவரிடமோ அவர் அதிகாரம் கொடுத்தவரிடமோ மட்டும் கொடுக்க வேண்டுமென்றால் ‘பதிவு’ என்ற மேலதிகச் சேவையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். முகவரிக்கா, ஆளுக்கா என்ற பழைய கேள்வியைக் கட்டண அட்டவணையிலேயே பிரித்து வைத்துவிட்டார்கள்.

நீதிமன்றத் தபால் வந்தால்

பார்சல் தொலைந்தால் காசோடு போய்விடும். ஒப்பத்தின் உண்மையான கனம் தெரிவது அழைப்பாணை வரும்போது.

இலங்கையின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி அழைப்பாணை முதலில் பதிவுத் தபாலில்தான் போகும், அது 59ஆம் பிரிவு. தபாலில் சேர்ப்பிக்க முடியவில்லை என்றால் நேரில் கொடுக்கும் ஏற்பாடு 60ஆம் பிரிவில் வருகிறது. 61ஆம் பிரிவு சொல்வதைக் கவனியுங்கள்: உள்நாட்டுத் தபால் விதிகளின் கீழ் வழங்கப்படும் விநியோக அறிவிப்பு, சேர்ப்பித்ததற்கும் சேர்ப்பித்த திகதிக்கும் போதிய சான்று. கேட்டில் யாரோ வைத்த கிறுக்கல் அந்த அறிவிப்பு அட்டையில் ஏறினால், தொடக்கத்தில் நீதிமன்றம் பார்ப்பது அதைத்தான். இதோடு, வேலைகள் வழக்கமான முறைப்படியே நடந்திருக்கும் என்று அனுமானிக்க நீதிமன்றத்துக்கு இடம் கொடுக்கும் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 114ஆம் பிரிவும் இருக்கிறது. ‘எனக்கு வரவில்லை’ என்று நிரூபிக்கும் சுமை மெல்ல உங்கள் பக்கம் சாய்ந்துவிடும்.

பிறகு என்ன நடக்கும்? தவணைக்குப் போகாவிட்டால் வழக்கு ஒருதலைப்பட்சமாக விளங்கப்பட்டுத் தீர்வையும், அதாவது தீர்ப்பின்படியான கட்டளையும், வரலாம். அந்தத் தீர்வைப் பிரதி உங்களுக்குக் கொடுக்கப்பட்ட நாளிலிருந்து 14 நாட்களுக்குள், வராததற்கு நியாயமான காரணம் காட்டி அதை நீக்கக் கேட்கலாம். ஒப்பம் யாருடையது, அவர் வீட்டில் இருப்பவரா, கட்டடத்தில் எத்தனை குடும்பம், அந்த நாள் நீங்கள் எங்கே என்பதெல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வரும். சட்டத்தரணியிடம் போகும்போது தபால் கந்தோரின் ஒப்ப விவரத்தையும் கையில் கொண்டு போங்கள்.

‘ஒப்பம் வைக்காவிட்டால் கடிதம் வந்ததாக ஆகாது, திருப்பி அனுப்பு’ என்று அறிவுரை சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ‘ஏற்க மறுத்தார்’ என்று உறையில் எழுதித் திருப்பினால் அந்த எழுத்தும் ஒரு பதிவுதான், அதையும் மற்றப் பக்கம் நீதிமன்றத்தில் காட்டும்.

மை போய் விரல் வந்தது

2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்துக்குப் பிறகு, திரையில் விரலால் வைக்கும் ஒப்பம் என்பதற்காக மட்டும் அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் குலுங்கும் கண்ணாடியில் வைத்த கோட்டை வைத்து ஆளை அடையாளம் காண்பது கடினம். அதனால் பெயரைத் தெளிவாக எழுதி வாங்குவது ஒப்பத்தைவிடப் பயனுள்ளது.

கொரோனாக் காலத்தில் ஒப்பமே பல நாடுகளில் நின்றது. அமெரிக்கத் தபால்காரர்கள் தள்ளி நின்று பெயரைக் கேட்டுத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். இங்கே 2020இல் கிளினிக் மருந்துகளைத் தபால்காரர்கள் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த நாட்களில், ஒப்பத்தைவிட மருந்து போய்ச் சேர்ந்ததா என்பதே கேள்வியாக இருந்தது.

இப்போது ஓ.டி.பி வருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நம் வீடுகளில் பொருளை ஓடர் பண்ணியது டோகாவில் இருக்கும் கணவர், இலக்கம் போவது அவருடைய போனுக்கு, அவர் வேலைத்தளத்தில். கூரியர் பையன் படிக்கட்டில் நிற்பான். படம் எடுப்பது இன்னொரு வழி. தனி வீட்டின் வாசல் படத்தில் தெரியும். தொடர்மாடியில் எல்லாக் கதவும் ஒரே நிறம், கதவு இலக்கம் படத்தில் விழாவிட்டால் அந்தப் படம் எதையும் காட்டாது.

ஒன்றை இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். தனியார் கூரியருக்கு மேலே சொன்ன தபால் விதிகள் பொருந்தாது. அங்கே நடப்பது ஒப்பந்தம். பற்றுச்சீட்டின் பின்பக்கம் சிறிய எழுத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் விதி.

பொருள் வரவில்லை, ஒப்பம் இருக்கிறது: என்ன செய்வது?

1. அனுப்பியவரைப் பிடியுங்கள். வெளிநாட்டுப் பதிவுத் தபாலுக்கு, தபாலில் போட்ட மறுநாளிலிருந்து 6 மாதத்துக்குள் விசாரணை கேட்கலாம். கேட்க வேண்டியவர் அனுப்பியவர், தேவையானது அவரிடம் உள்ள பற்றுச்சீட்டு. வாங்கிய கடை ‘நீங்களே உங்கள் ஊர்க் கந்தோரில் பாருங்கள்’ என்று தள்ளினால், முறைப்பாடு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எழுதுங்கள்.

2. ஊர்க் கந்தோரில் மூன்றைக் கேளுங்கள்: ஒப்பம் வைத்தவரின் பெயர், நேரம், இடம். ‘கொடுத்தாயிற்று’ என்ற வாய்ப் பதிலோடு திரும்பி வராதீர்கள்.

3. கிடைக்கவில்லை என்பதை அன்றோ மறுநாளோ தபாலதிபருக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் நம்புவதற்கு ஆள் குறைவு.

4. கட்டடத்தில் விசாரியுங்கள். சொல்லச் சிரிப்பாக இருந்தாலும், பாதி நேரம் பொருள் கீழ்க் கடைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

முன்கூட்டியே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வேலைக்குப் போகிற வீடென்றால், யார் ஒப்பம் வைக்கலாம் என்று ஒரு அதிகாரக் கடிதம் எழுதிக் கந்தோரில் கொடுப்பது. வீட்டு இலக்கமும் மாடியும் புளொக்கும், அதிகாரம் பெற்றவரின் முழுப் பெயர், எத்தனை மாதத்துக்கு, பதிவுத் தபாலுக்கு மட்டுமா பார்சலுக்குமா, நீதிமன்றத் தபால் இதில் அடங்குமா என்பதையெல்லாம் தெளிவாக எழுத வேண்டும். கடைசியானதை ‘அடங்காது’ என்று எழுதுவதே புத்தி. அடையாள அட்டைப் பிரதி கொடுத்தால் அதன் குறுக்கே ‘தபால் பெறுவதற்கு மட்டும்’ என்று எழுதிக் கொடுங்கள். புதிய 12 இலக்க எண்ணில் முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றில் பிறந்த நாளே இருக்கிறது. காவலாளியின் கொப்பியில் எல்லாருடைய எண்ணும் வரிசையாக எழுதிக் கிடப்பது, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் யாரும் யோசிக்காத விஷயம்.

காவலாளி மாறினாலோ வீடு மாறினாலோ, பழைய கடிதத்தை இரத்துச் செய்வதாக இன்னொரு கடிதம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால், வேலையை விட்டுப் போய் வருடமான ஒருவரின் பெயர் கந்தோர்க் கோப்பில் உங்கள் வீட்டுக்கு நேரே அப்படியே இருக்கும்.